உம்மாவுக்குத் தெரியாது, சொல்லிடாதீங்க

(நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களில் புற்றுநோய் என்றிருந்தால், கொண்டு வருபவர் பெரும்பாலும் மகனாகவோ மருமகனாகவோ இருப்பார். எழுந்து போகும்போது குரலைத் தாழ்த்தி, "உம்மாவுக்குத் தெரியாது, வீட்டுக்கு வந்தா சொல்லிடாதீங்க" என்பார். நாமும் பல வருடம் தலையாட்டி வந்தோம். அது தவறு என்று இப்போது எண்ணுகிறோம்.

சென்ற ரமலானில் ஒரு தாய். மார்பில் அறுவை முடிந்து கீமோ ஏறிக்கொண்டிருந்தது. அவரிடம் "சத்து ஊசி" என்று சொல்லி வைத்திருந்தார்கள். சத்து ஊசி போடுகிறவர் நோன்பை ஏன் விட வேண்டும்? பிள்ளைகள் தடுத்தும் பிடித்தார். காய்ச்சல் வந்ததும் பாராசிட்டமாலைப் போட்டு இரண்டு நாள் படுத்திருந்தார். கீமோவில் வெள்ளை அணுக்கள் குறையும், அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் என்றாலே நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பது மகனுக்கே தெரியாது. கொடுத்த தாளில் இருந்தது, ஆங்கிலத்தில்.

ஒன்பது நாள் ஐ.சி.யு. அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்தார். வீடு வந்ததும் மகனிடம், "என் உடம்பைப் பத்தி என்கிட்ட ஏன்டா சொல்லல?" என்று கேட்டார். நாமும் அங்கேதான் உட்கார்ந்திருந்தோம். நோயாளி நோன்பை விட மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. அந்தச் சலுகை தனக்கு உண்டென்றே தெரியாமல் அவரை வைத்திருந்தோம். கடனை அடைப்பது, வஸிய்யத் எழுதுவது எல்லாமே தன் நிலை தெரிந்தவரால்தானே முடியும்?

2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. என்ன சிகிச்சை, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைப் போதுமான அளவு விளக்கித்தான் சம்மதம் வாங்க வேண்டும். விளக்க வேண்டியது நோயாளிக்கு, மருமகனுக்கு அல்ல. மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளிலும் உள்ளது.

ஓ.பி.யில் கூட்டம், டாக்டருக்கு நேரமில்லை என்பீர்கள். உண்மைதான். அதனால் கேள்விகளை முந்தின இரவே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். முதல் கேள்வி: இது குணமாக்கவா, கட்டுப்படுத்தி வைக்கவா? கேட்கவே நாக்கு கூசும், கேட்டுவிடுங்கள். எத்தனை தடவை, எத்தனை நாள் இடைவெளி, எந்த அறிகுறிக்கு உடனே வர வேண்டும், முதலமைச்சர் காப்பீட்டில் வருமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. ரேடியேஷன் முடிந்ததும் "எல்லாம் முடிஞ்சுது" என்று டமாக்சிபென் மாத்திரையை நிறுத்திவிட்ட சகோதரிகளை நமக்குத் தெரியும். அதை ஐந்து வருடமாவது சாப்பிடச் சொல்வார்கள் என்பதை யாரும் அவர்கள் காதில் போடவில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டச் சொல்லவில்லை. எவ்வளவு தெரிய வேண்டும் என்று நோயாளியிடமே கேளுங்கள். "மகன்கிட்ட பேசிக்குங்க, எனக்கு வேணாம்" என்றால் அதுவும் அவருடைய உரிமைதான்.

அடுத்த மாதம் முதல், கேள்விகள் எழுத ஒரு நோட்டை மனுவோடு தருகிறோம். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நமது சகோதரிகள் டாக்டர் அறை வரை வருவார்கள். மனு கொடுக்க வரும்போது ஃபைலை மட்டும் கொண்டு வராதீர்கள். முடிந்தால் உம்மாவையும் அழைத்து வாருங்கள்.