பழைய காரும் உத்தரவாதச் சீட்டும்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் விலை கொடுத்து வாங்கும் மாட்டை அவர்கள் அவ்வாறு விட்டுவிடவில்லை. பல்லைப் பார்த்து வயதைக் கணித்தார்கள், சுழி பார்த்தார்கள், நடக்கவிட்டும் ஏர் பூட்டியும் பார்த்தார்கள். அதன் பின்னரே துண்டுக்குள் கைவிட்டு, விரல் பிடித்து, விலை பேசினார்கள். இன்று மாட்டுச் சந்தையின் இடத்தில் பழைய மோட்டார் கார்ச் சந்தை வந்திருக்கிறது. பல்லைப் பார்க்கும் வேலையை மட்டும் நாம் விற்பவரிடமே ஒப்படைத்துவிட்டோம். "சோதிக்கப்பட்டது, சான்று பெற்றது, ஓராண்டுக்கு உத்தரவாதம் உண்டு" என்று அச்சிட்ட சீட்டு ஒன்றை அவர் தருகிறார். நாமும் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக வீடு திரும்புகிறோம். அந்தச் சீட்டு அதற்காக நாம் கொடுக்கும் விலைக்குத் தகுமா என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

கொல்கத்தாவில் வாழும் தமிழருக்கு இது வெறும் வாணிகக் கேள்வி அன்று. லேக் மார்க்கெட்டைச் சுற்றித் தலைமுறைகளாக வாழ்பவர்களும் உண்டு. உத்தியோக மாற்றத்தால் வந்து, மூன்று நான்கு ஆண்டுகளில் வேறு ஊர் செல்பவர்களும் உண்டு. பின்னவருக்குப் புதிய கார் பெருஞ்செலவு. பழைய கார் வாங்குவதே அறிவுடைமை. சொந்த ஊரில் என்றால் நமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருப்பார். கார் விஷயம் அறிந்த மைத்துனரோ சித்தப்பாவோ உடன் வருவார். இங்கே தரகர் பேசுவது வங்காளி. சீட்டில் அச்சிட்டிருப்பது ஆங்கிலம். "சிந்தா கொர்பேன் நா", கவலை வேண்டாம், என்று அவர் சொல்லும் சொல் மட்டுமே நமக்கு நன்றாக விளங்குகிறது. உறவினர் நிற்க வேண்டிய இடத்தில் இந்த உத்தரவாதச் சீட்டு வந்து நிற்கிறது. ஆகவே அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று தெரிந்துகொள்வது அவசியமாகிறது.

ஒரு காலத்தில் இந்நகரில் இத்தகைய சீட்டுக்கு அவ்வளவு தேவை இருக்கவில்லை. ஊக்ளி மாவட்டத்து உத்தரப்பாடாவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை அம்பாஸடர் காரை 1957 முதல் 2014 வரை செய்து வந்தது. அதன் குறையும் நிறையும் தெருமுனைப் பட்டறைக்காரர் ஒவ்வொருவருக்கும் பாடம். உதிரிப் பாகத்துக்கு மல்லிக் பஜார் இருந்தது. இன்றைய கார்கள் அப்படிப்பட்டவை அல்ல. எஞ்சினை ஆள்வது மின்னணுக் கருவி. அதன் நோயைச் சொல்லக் கணினி வேண்டும். கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும் கண்டுபிடிக்கக்கூடிய குறைகள் குறைந்துவிட்டன. மறைந்து நிற்கும் குறைகள் பெருகிவிட்டன.

இவ்வாறு விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல் இருக்கும் குறை ஒரு சந்தையையே கெடுத்துவிடும் என்று காட்டியவர் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர். 1970-ல் அவர் வெளியிட்ட கட்டுரை பழைய கார்களையே உதாரணமாகக் கொண்டது. அவர் வாதம் எளிமையானது. நல்ல காரையும் கெட்ட காரையும் வாங்குபவர் பிரித்தறிய முடியாது. ஆகையால் இரண்டுக்கும் நடுத்தர விலையே தர முன்வருவார். அந்த விலைக்கு நல்ல காரை விற்க அதன் சொந்தக்காரர் மனம் ஒப்பார். அவர் விலகிக்கொள்ள, சந்தையில் மிஞ்சுவன கெட்ட கார்களே. இதற்கு மாற்றாக அவர் குறிப்பிட்டவற்றுள் ஒன்று உத்தரவாதம். குறை தோன்றினால் செலவு விற்பவரைச் சேரும் என்றால், தாம் நம்பாத காருக்கு அவர் உத்தரவாதம் எழுதித் தரமாட்டார். அக்கர்லாஃப் 2001-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மாருதி நிறுவனம் "ட்ரூ வேல்யூ" என்னும் பழைய கார் விற்பனையை நம் நாட்டில் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். பின்னர் ஹுண்டாய், டொயோட்டா, மகிந்திரா முதலியோரும், இணையவழி நிறுவனங்களும் இத்துறையில் இறங்கினர். 376 அம்சங்களில் சோதனை, தேறிய காருக்கு ஓராண்டு வரை உத்தரவாதம், மூன்று இலவச சர்வீஸ் என்று மாருதி விளம்பரம் செய்கிறது.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகிறது. உத்தரவாதத்தின் முதற்பயன் பழுது பார்க்கும் செலவு அன்று. விற்பவர் தம் சொல்லுக்குத் தம் பணத்தைப் பிணையாக வைக்கிறார் என்பதே. அந்தப் பிணை எவ்வளவு பெரிதோ அவ்வளவே சீட்டின் மதிப்பு. பத்து வரியில் கொடுத்ததைப் பத்துப் பக்கத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளும் சீட்டுக்குப் பிணை என்று ஒன்றும் இல்லை.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் நிபந்தனை வேறு, உத்தரவாதம் வேறு என்று பிரிக்கிறது. நிபந்தனை மீறப்பட்டால் பொருளைத் திருப்பித் தந்து பணத்தைக் கேட்கலாம். உத்தரவாதம் மீறப்பட்டால் நஷ்ட ஈடு கேட்கலாமேயன்றி, அக்காரணம் கொண்டே பொருளைத் திருப்ப இயலாது. ஆகவே "உத்தரவாதம் இருக்கிறது, பிடிக்காவிட்டால் திருப்பிவிடலாம்" என்று எண்ணுவது தவறு. சில நிறுவனங்கள் சில நாட்களுக்குள் திருப்பிக்கொள்ளும் வசதியைத் தனியே தருகின்றன. அது வேறு வாக்குறுதி. அதையும் எழுத்தில் பெற வேண்டும்.

இனிச் சீட்டின் உள்ளே நுழைவோம். பெரும்பாலான சீட்டுகள் எஞ்சினின் உட்பாகங்களையும் கியர்ப் பெட்டியையும் காக்கின்றன. தேய்மானப் பொருள்கள் என்ற தலைப்பில் கிளட்ச், பிரேக் கட்டை, டயர், பாட்டரி, ரப்பர்ப் பாகங்கள் ஆகியவற்றை ஒதுக்கிவிடுகின்றன. பழைய காரில் முதல் ஆண்டில் நம்மைப் பட்டறைக்கு இழுப்பவை பெரும்பாலும் இவையே. குறித்த கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் காலம் மிச்சமிருந்தாலும் உத்தரவாதம் முடிந்துவிடும். குறித்த பட்டறையில், குறித்த தவணையில் சர்வீஸ் செய்யாவிட்டாலும் முடிந்துவிடும். வாடகைக்கு விட்ட கார், விபத்துக்குள்ளான கார், வெள்ளத்தில் நின்ற கார் ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை.

வெள்ளம் என்ற அந்த ஒரு சொல்லைக் கொல்கத்தாவாசிகள் இருமுறை படிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 23-ஆம் நாள் விடிவதற்குள் கொட்டித் தீர்த்த மழையில் இந்நகரில் 24 மணி நேரத்துக்குள் சுமார் 250 மில்லிமீட்டர் பதிவாயிற்று. பல பகுதிகளில் தெருவில் நின்ற கார்கள் நீரில் மூழ்கின. அத்தகைய பெருமழை இல்லாத ஆண்டிலும் டண்டனியாவும் ஆம்ஹர்ஸ்ட் தெருவும் மழைக்காலத்தில் குளமாவதை நாம் அறிவோம். நீரில் நின்ற கார் துடைத்து மெருகேற்றினால் புதிதுபோல் தோன்றும். மின்கம்பிகளின் உள்ளே துரு மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். நாம் வாங்கிய பின்னர் அது படுத்துவிட்டால், "இது நீரால் வந்த கேடு, உத்தரவாதத்தில் சேராது" என்ற விடை வரக்கூடும். அந்த நீர் நாம் வாங்குவதற்கு முன் புகுந்ததா, பின் புகுந்ததா என்று யார் நிரூபிப்பது? ஆகவே இக்குறையை வாங்கும் முன்னரே தேட வேண்டும். இருக்கை வார்ப்பட்டையை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள்; அடிமுனையில் சேற்றுக் கறை தெரியலாம். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். இருக்கை ஓடும் தண்டவாளத்தில் துரு உண்டா, முன்விளக்கின் உள்ளே நீர்க்கோடு உண்டா என்று பாருங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் முன்பு நஷ்ட ஈடு பெறப்பட்டதா என்று கேளுங்கள். "இவ்வண்டி வெள்ளத்தில் நின்றதன்று" என்ற ஒரு வரியை விற்பவரின் கையெழுத்தோடு வாங்கிவிட்டால், அது பல பக்க உத்தரவாதத்தைவிட வலியது.

கணக்கையும் சற்றுப் பார்ப்போம். ஒரே வயதுடைய இரண்டு கார்கள். சான்று பெற்றதற்கு 4,40,000 ரூபாய், சொந்தக்காரரிடம் நேரே வாங்கினால் 4,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினோ கியர்ப் பெட்டியோ பழுதானால் 80,000 ரூபாய் ஆகும். நூறு கார்களில் ஐந்துக்கு முதலாண்டில் அப்படி நேரும் என்றும் கொள்வோம். அப்போது உத்தரவாதம் காக்கும் தொகை, சராசரியாக, காருக்கு 4,000 ரூபாய்தான். எஞ்சிய 36,000 ரூபாயை நாம் சீட்டுக்காகத் தரவில்லை. சோதனைக்கும், காகித வேலைக்கும், கடையின் பெயருக்கும் தருகிறோம். அவை உண்மையில் நடந்திருந்தால் கொடுத்தது வீணாகாது. நடக்கவில்லையானால் அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கைக் கொண்டு நாமே நல்ல மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்று காரைச் சோதித்திருக்கலாம். எண்கள் கற்பனை, கணக்குப் போடும் முறையே முக்கியம். சோதனை அறிக்கை முழுவதையும் கேட்டு வாங்குங்கள். "முந்நூறு அம்சங்களில் தேறியது" என்ற முத்திரை போதாது; ஒவ்வோர் அம்சத்துக்கும் எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

எந்த உத்தரவாதமும் தொடாத இடம் ஒன்று உண்டு. அது காரின் உரிமை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி வாங்கியவர் 30 நாட்களுக்குள் உரிமை மாற்றத்தைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவரே விபத்து ஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. நாளை நாம் விற்கும் பக்கத்தில் நிற்கும்போது இது நம்மைச் சுடும். இன்ஷூரன்ஸையும் 14 நாட்களுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாவிட்டால் பிறருக்கு நேரும் நஷ்டத்துக்குப் பாதுகாப்பு இருக்கும். நம் காருக்கு நேரும் நஷ்டத்துக்கு இராது. பழைய கார் வாணிகர்கள் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதைக் காட்டும்படி கேட்பதில் தவறில்லை. காட்டத் தயங்குபவரின் உத்தரவாதச் சீட்டைப் பற்றி மேலும் ஆராய வேண்டியதில்லை.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கென்றே உரிய கேள்வி ஒன்று இருக்கிறது. இங்கே வாங்கிய காரோடு அடுத்த ஆண்டு நாம் சென்னைக்கோ புனேவுக்கோ போக நேர்ந்தால் உத்தரவாதம் உடன் வருமா? கார்த் தொழிற்சாலையின் பெயரால் தரப்படும் சீட்டு நாடெங்கும் உள்ள அதன் பட்டறைகளில் செல்லுமா, விற்ற கடையின் பட்டறையில் மட்டும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். கடைக்காரர் தாமே அச்சிட்டுத் தரும் சீட்டு பெரும்பாலும் அக்கடையின் வாசலைத் தாண்டாது. பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் காருக்கு அம்மாநிலப் பதிவெண் பெற வேண்டும் என்பது சட்டம். அதற்குப் பழைய அலுவலகத்தின் ஆட்சேபணையின்மைச் சான்றும், புதிய மாநிலத்தின் வரியும் தேவை. விரைவில் ஊர் மாறப் போகிறவர் இச்செலவையும் காரின் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

வாக்களித்தபடி நடக்க மறுத்தால் என் செய்வது? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்கு இரண்டு வலிய கருவிகளைத் தந்திருக்கிறது. தகுந்த சோதனை செய்யாமல் ஒரு பொருளின் திறனுக்கோ ஆயுளுக்கோ உத்தரவாதம் கூறுவது முறையற்ற வாணிகம் என்கிறது அச்சட்டம். சோதித்தோம் என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கச் சொன்னதன் காரணம் இதுவே. மற்றொன்று, வழக்கைப் பொருள் வாங்கிய ஊரில்தான் தொடுக்க வேண்டும் என்பதில்லை. நாம் குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே தொடுக்கலாம். கொல்கத்தாவில் வாங்கிக் கோயம்புத்தூரில் குடியேறியவர் கோயம்புத்தூரிலேயே முறையிடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைத் தமிழிலேயே அழைத்துப் பேசலாம்.

முடிவாக, சான்று பெற்ற காரின் உத்தரவாதம் வேண்டத்தக்கதே. ஆனால் நம் கண்ணுக்கும் நம் மெக்கானிக்கின் கைக்கும் பதிலாக அன்று. எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் ஓராண்டு காத்து, நாம் போகும் ஊரிலும் செல்லுபடியாகி, சோதனை அறிக்கையோடு கிடைக்குமானால், அளவான விலை கூடுதலாகத் தந்து அதை ஏற்கலாம். கடையின் பெயரன்றி வேறொன்றும் தாராத சீட்டானால், அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்வதே நலம். எந்தச் சீட்டானாலும் முன்பணம் கொடுத்த பின்னர் அன்று, கொடுப்பதற்கு முன் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்து, விலக்குகள் என்ற பகுதியை முதலில் படியுங்கள். ஆங்கிலம் நன்கறிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவ்வாறு வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதியாத கடையில் கார் வாங்க வேண்டாம்.