சந்தூக் இரண்டு

(குடும்ப நல நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)





உருது பேசும் வீட்டில் 'சந்தூக்' என்றால் துணிமணி வைக்கும் பெட்டி. தமிழ் பேசும் வீட்டில் அதே சொல் ஜனாஸாவைச் சுமந்து செல்வதற்கு. இரண்டாவது சந்தூக் பள்ளிவாசலில் தயாராக இருக்கிறது. முதலாவது நம் வீட்டில் இருக்கிறதா?

எனக்குத் தெரிந்த வீட்டில் ஒருவர் மவுத்தானார். மனைப் பத்திரத்தை மூன்று மாதம் தேடினார்கள். மூட்டைக்குள் கிடைத்தது, பாதியைக் கரையான் தின்றிருந்தது. யாருக்குக் கடன் தர வேண்டும் என்பதும் தெரியவில்லை. கடனை எழுதி வைக்கச் சொல்கிறது அல்பகரா 282ஆம் வசனம். கடனை அடைத்த பிறகுதான் சொத்தைப் பங்கு வைக்க முடியும். எழுத்தே இல்லையென்றால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் தொழிலாளர் குடும்பங்களுக்கு இந்தக் கஷ்டம் இன்னும் அதிகம்.

நான் மரவேலை செய்தவன். இரண்டு விடுமுறை நாளில் நீங்களே ஒரு பெட்டி செய்துவிடலாம். 1970-களில் சிப்காட் வந்ததிலிருந்து ஓசூரில் பேக்கிங் மரத்துக்குக் குறைவில்லை. வாங்கும்போது முத்திரையைப் பாருங்கள். ஹெச்.டி. என்றிருந்தால் மரத்தின் உள்வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியது, அதை எடுங்கள். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற விஷப்புகை போட்டது, வேண்டாம். எண்ணெய்க் கறை, ரசாயன வாடை உள்ள பலகையும் வேண்டாம்.

நீளம் 3 அடி, அகலம், உயரம் ஒன்றரை அடி போதும். மூலைகளில் உள்பக்கம் ரீப்பர் வைத்து, பசை தடவி, திருகாணி போடுங்கள். பைன் மரம் பிளக்கும். முதலில் சிறு துளை போட்டுக்கொள்ளுங்கள். மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் பெட்டி கோணவில்லை. அடியில் கால் வைத்துத் தரையிலிருந்து உயர்த்துங்கள். ஈரமும் கரையானும் எளிதில் அண்டாது.

தாய்மார்கள் இதைக் கவனியுங்கள். ஒளிந்து விளையாடும் குழந்தை பெட்டிக்குள் புகுந்தால் மூச்சு முட்டி உயிரே போய்விடும். பின்பலகையில் அரை அங்குலத் துளைகள் நாலைந்து போடுங்கள். மூடி தானாக விழாதபடி தாங்கி வையுங்கள். தானே பூட்டிக்கொள்ளும் பூட்டு வேண்டாம். நாதாங்கி போட்டு, எப்போதும் பூட்டியே வையுங்கள்.

உள்ளே என்ன வைப்பது? பத்திரம், நிக்காஹ் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கொடுக்கல் வாங்கல் எழுதிய நோட்டு. மனைவியின் மஹர் அவருடைய சொத்து. அதைத் தனி உறையில் அவர் பெயர் எழுதி வையுங்கள். சாவி எங்கே என்பது கணவன், மனைவி இருவருக்கும் தெரியட்டும்.

அபூபக்கர் (ரலி) காலத்தில் தொகுத்த குர்ஆன் ஏடுகள் பின்னாளில் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம்தான் இருந்தன. உஸ்மான் (ரலி) அவற்றைக் கேட்டு வாங்கி, பிரதியெடுத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அமானிதத்தை ஒரு பெண்மணி அப்படிக் காத்தார்கள்.

பள்ளிவாசல் சந்தூக் நம்மைத் தேடி வரும் முன், வீட்டுச் சந்தூக்கைச் சரி செய்வோம். அல்லாஹ் அருள் புரிவானாக! வஸ்ஸலாம்.