கற்றுத் தருபவருக்கும் கை கொடுப்போம்
(கல்வி உதவிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போட எப்படிக் கற்றுத் தருகிறார்கள் தெரியுமா? ஆசிரியை பொத்தானைத் துளையில் பாதி நுழைத்துவிடுவார். இழுப்பது மட்டும் பிள்ளையின் வேலை. அது கைவந்த பிறகே அதற்கு முந்தின படி. மாதக்கணக்கில் ஆகும். பாசம் மட்டும் போதாது, முறையாகப் படித்திருக்க வேண்டும். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்த சிறப்பாசிரியர்கள், பதிவைப் புதுப்பிக்கத் தொடர்பயிற்சிக்கும் போகவேண்டும். முட்டுக்காடு தேசிய நிறுவனத்தில் இத்தகைய பயிற்சிகள் நடக்கின்றன. ஆனால், போன நாளுக்குச் சம்பளம் பிடிக்கும் பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன்.

சக்கர நாற்காலி, பெருநாள் உடை எல்லாம் கொடுக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். இந்த ஆண்டு ஸதகா நிதியில் இரண்டு ஆசிரியைகளின் பயிற்சிக் கட்டணத்தையும் அந்நாட்களின் சம்பளத்தையும் ஒதுக்குங்கள். ஜகாத்திலிருந்து தரலாமா என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வோம்.