இன்னும் ஒரு தையல் வேண்டுமா?



புற்றுநோய்க்காக மார்பை எடுத்துவிட்டு, வயிற்றுச் சதையாலோ சிலிக்கானாலோ புது மார்பு அமைத்துக்கொண்ட பெண்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் பெரிய ஆபரேஷனோடு எல்லாம் முடிந்தது என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். சில மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனால், பிளாஸ்டிக் சர்ஜன் புதுப் பேச்சைத் தொடங்குவார். காம்பு வைக்கலாம். மேல்பக்கம் குழிவாக இருக்கிறது, கொழுப்பு ஏற்றி நிரப்பலாம். மறுபக்கத்து மார்பைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் இரண்டும் சமமாகிவிடும். வயிற்றுத் தழும்பின் ஓரத்தில் துருத்தும் சதையையும் சரிசெய்துவிடலாம்.

இவை எதுவும் புற்றுநோய்க்கான மருத்துவம் இல்லை. செய்யாவிட்டால் உயிருக்கு ஒன்றும் ஆகாது. முடிவெடுக்கத் திணறுவதும் அதனால்தான்.

"உயிர் பிழைச்சதே பெரிசு, இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். கல்யாண வீட்டில் முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கும் சங்கடம் அவர்களுக்குத் தெரியாது. ஆசைப்படுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்காக, டாக்டர் சொன்னார் என்பதற்காகவே தலையாட்டவும் வேண்டாம். அப்படித் தலையாட்டிய ஒருவரின் கதை உண்டு. உலகின் முதல் சிலிக்கான் மார்பகம் 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பொருத்தப்பட்டது. அந்தப் பெண் மருத்துவமனைக்குப் போனதே மார்பில் குத்தியிருந்த பச்சையை அழிப்பதற்குத்தான். சிலிக்கான் பேச்சை மருத்துவர்கள் எடுத்தபோது, துருத்திய காதுகளைச் சரிசெய்வதில்தான் அவருக்கு அக்கறை இருந்தது. அதையும் செய்து தருகிறோம் என்றார்கள். சம்மதித்துவிட்டார்! எதிரே வெள்ளைக்கோட்டு இருந்தால் 'சரி' என்பது அவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிடுகிறது.

கொழுப்பு ஏற்றுவது கேட்பதற்கு எளிதாக இருக்கும். வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ உறிஞ்சி, ஊசி வழியாக ஏற்றுவார்கள். அதில் கணிசமான பங்கை உடம்பு கரைத்துவிடும் என்பதால் இரண்டு மூன்று தடவை போகவேண்டி வரலாம். என்னைக் கேட்டால், அதைவிட யோசிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ரத்த ஓட்டம் கிடைக்காத கொழுப்பு சில சமயம் கட்டியாக இறுகிவிடும். கெடுதல் இல்லாத கட்டிதான். ஆனால் குளிக்கும்போது கையில் தட்டுப்படுவது கெடுதல் இல்லாதது என்று, ஒருமுறை புற்றுநோயைக் கண்டவளுக்கு எப்படித் தெரியும்? ஸ்கேன் எடுக்கவேண்டும், சில நேரம் ஊசி குத்திச் சதைப் பரிசோதனையும் வேண்டும். முடிவு வரும்வரை தூக்கம் வராது. அந்தக் குழிவின் உறுத்தலா, இந்தப் பயமா, எதோடு வாழ முடியும் என்பதை அவள்தான் சொல்லமுடியும்.

மறுபக்கத்து மார்பைச் சீர்செய்வது நோயில்லாத இடத்தில் கத்தி வைப்பது. புதுத் தழும்பு வரும், காம்பில் உணர்ச்சி குறையலாம். செய்வதென்றால் அதற்கு முன் ஒரு மேமோகிராம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இயற்கையான மார்பு வயதோடு தளரும், சிலிக்கான் அப்படித் தளராது. ஆகவே இன்றைக்குச் சமமாக்கியது பத்து வருடம் கழித்தும் சமமாக இருக்கும் என்று எண்ணவேண்டாம்.

காம்பைப் புது மார்பின் தோலையே மடித்துத் தைத்து எழுப்புவார்கள். நாளாக ஆக அது தட்டையாகும் என்பதால் முதலில் சற்றுப் பெரிதாகவே வைப்பது வழக்கம். தொட்டால் பழைய உணர்ச்சி இருக்காது. கத்தியே வேண்டாம் என்பவர்கள் பச்சை குத்திக்கொள்ளலாம்; நிழல் கொடுத்துக் குத்தினால் கண்ணுக்குப் புடைப்பாகவே தெரியும். சில வருடங்களில் மங்கினால் திரும்பக் குத்தலாம்.

அவசரம் மட்டும் கூடாது. வீக்கம் வற்றி வடிவம் படியவே மாதங்கள் ஆகும். 'கரண்ட்' (கதிர்வீச்சு) வைத்த தோல் ஆற இன்னும் அதிக நாள் பிடிக்கும். புகையிலைப் பழக்கமும் கட்டுக்கடங்காத சர்க்கரையும் புண் ஆறுவதைக் கெடுக்கும். ஐந்து வருடம் கழித்து ஆசை வந்தாலும் கதவு சாத்தியிருக்காது.

அடுத்தது பணம். மார்பக நீக்கத்துக்குப் பணம் தரும் காப்பீடு, மறுசீரமைப்புக்கும் மறுபக்கத்தைச் சமமாக்கவும் தரவேண்டும் என்று அமெரிக்காவில் 1998இல் சட்டமே வந்தது. இந்தியாவில் அழகு அறுவை சிகிச்சைக்குக் காப்பீடு கிடையாது என்பது பொது விதி. ஆனால் புற்றுநோய்க்குப் பிந்தைய மறுசீரமைப்புக்கு அந்தத் தடை இல்லை. பிறகு செய்யும் சின்னத் திருத்தங்களும் அதில் அடங்குமா என்பதில் இழுபறி வரலாம். மருத்துவரிடம் சான்று வாங்கி, காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதலையும் எழுத்தில் பெற்ற பிறகு தேதி குறியுங்கள்.

அடுத்த முறை சர்ஜனைப் பார்க்கும்போது, எது உங்களை உறுத்துகிறது என்பதை முதலில் நீங்களே சொல்லுங்கள். ஒன்றுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். உடுத்தியபின் தெரியும் வித்தியாசம் மட்டும்தான் குறை என்றால், ரவிக்கையில் ஒரு பக்கம் பேட் வைத்துத் தைத்துத் தர உங்கள் தையல்காரராலேயே முடியும்.