இருட்டில் உதயமாகும் சித்திரம்

சித்திரம் என்றால் சுவரில் மாட்டுவது, சிற்பம் என்றால் சுற்றிவந்து பார்ப்பது என்று பழகிவிட்ட நமக்கு, வெளிச்சத்தையே களிமண்போலக் கையாண்டு கலை படைக்கிறார் ஒருவர் என்றால் வியப்பாகத்தான் இருக்கும். 1943-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பிறந்து, கல்லூரியில் புலனுணர்வைப் பற்றிய மனோதத்துவம் பயின்ற ஜேம்ஸ் டரெல்தான் அவர். அரிசோனாவில் அவிந்துபோன எரிமலை ஒன்றையே ஆகாயத்தைக் காணும் கூடமாக்க அவர் பல்லாண்டுகளாகச் செய்துவரும் பிரயத்தனம் உலகப் பிரசித்தம். ஆயினும் என் மனம் போய்த் தங்குவது வேறோர் இடத்தில்.

ஜப்பானில் நவோஷிமா என்றொரு சிறு தீவு. அங்கே முன்பு கோயில் இருந்த இடத்தில் கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ எழுப்பிய கரிய மரக்கட்டடத்துள் டரெல் 1999-இல் அமைத்த படைப்பைக் காண நான் சென்றபோது, சுவரைத் தடவித் தடவி நடந்து, ஒரு பலகையில் அமர்ந்து, நீட்டிய கையும் தெரியாத அந்தகாரத்தில் காத்திருந்தேன். சில நிமிஷங்கள் சென்றபின், எதிரே சாம்பல் பூத்தாற்போல ஒரு நீள்சதுரம் மெல்ல உதயமாயிற்று. யாரும் விளக்கேற்றவில்லை, நேயர்களே! நான் நுழைந்த கணத்திலேயே அந்த ஒளி அங்கே இருந்தது. அதைக் காணும் பக்குவம் என் கண்ணுக்கு அப்போதுதான் வந்தது.

அந்தப் பலகையில் இருந்தபடியே என் இளமை நினைவுக்கு வந்தது. புகைப்படத் தொழில் பழகச் சேர்ந்த நாளில் என் ஆசிரியர் என்னை டார்க் ரூமில் விட்டு, “எங்கேனும் வெளிச்சம் கசிகிறதா, பார்த்துச் சொல்” என்றார். “இல்லை ஐயா” என்று உடனே கூவினேன். “கால்மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுச் சொல், தம்பி” என்றார். அவ்வாறே இருந்து பார்க்க, கதவடியில் நூலிழைபோல ஒரு கீற்றும், கூரையோரம் ஊசிமுனை அளவில் ஒரு புள்ளியும் தென்பட்டன. படத்தாளைப் பாழாக்கும் பகையென்று அன்று துணி திணித்து அடைத்த அந்த ஒளியை, முதுமையில் கடல்கடந்து சென்று தரிசித்தேன்.

கண் இப்படி இருளுக்குப் பழகுவதன் சாஸ்திரம் எளிது. பகலில் நிறம் காட்டும் கூம்பு செல்கள் இருளில் ஓய்ந்துவிட, நிறமறியாத குச்சி செல்கள் அரைமணி நேரம்வரை சிறுகச் சிறுகக் கூர்மை பெறுகின்றன. அதனால்தான் நவோஷிமாவில் அந்த நீள்சதுரம் சாம்பலாகத் தெரிந்தது.

இன்றிரவு மின்சாரம் நின்றால், கைவிளக்கைத் தேடாமல் சற்றே அமர்ந்திருங்கள். சன்னல் கம்பியும், மூலையிலிருக்கும் பித்தளைக் குடமும் ஒவ்வொன்றாக உங்கள்முன் வந்து நிற்கும். அப்போது நவோஷிமாவில் நான் கண்டதில் ஒரு பங்கை நீங்களும் காண்பீர்கள்.