சர்வருக்கு ஒரு தனிவழி



சர்வர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு உணவு விடுதியில் காப்பி கொண்டுவந்து வைப்பவரே நினைவுக்கு வருவார். கணிப்பொறி உலகத்துச் சர்வரும் ஏறக்குறைய அதே தொழிலைத்தான் செய்கிறது. கேட்பவர் கேட்டதைத் தேடி எடுத்துக் கொண்டுவந்து கொடுப்பது அதன் கடமை. ரெயில் முன்பதிவு, ஓய்வூதியக் கணக்கு, நில ஆவணம், பிறப்புச் சான்றிதழ் ஆகிய எதை நாம் நாடினாலும் எங்கோ ஓரிடத்தில் ஒரு சர்வர் நமக்குப் பரிமாறுகிறது.

அந்த எங்கோ ஓரிடம் பெரும்பாலும் நெடுந்தொலைவில் இருக்கும். 1976-ஆம் ஆண்டில் தோன்றிய தேசியத் தகவலியல் மையத்தை எடுத்துக்கொள்வோம். அதன் தேசியத் தரவு மையங்கள் டில்லி, புனே, ஐதராபாத், புவனேசுவரம் ஆகிய நகரங்களில் அமைந்துள்ளன. ஒரு நகரில் உள்ள யந்திரத்தை வேறொரு நகரில் இருந்து பராமரிப்பது இன்று சாதாரண வழக்கம். யந்திரம் நலமாக இருக்கும்வரை வலைப்பின்னல் வழியாக அதனோடு பேசலாம். அது மூர்ச்சையுற்று விழுந்துவிட்டால் என் செய்வது? மூர்ச்சையுற்றவனை அழைத்து, “உனக்கு என்ன செய்கிறது?” என்று வினவிப் பயனில்லை அன்றோ? நடுநிசியில் ஒருவர் நேரிற் சென்று பொத்தானை அழுத்த வேண்டும். அவர் போய்ச் சேரும்வரை சான்றிதழுக்கு வந்தவர் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

இந்த இடரைக் களையும் பொருட்டே சர்வருக்குள் வேறொரு சிறு கணிப்பொறியை அமைத்தார்கள். அதனைத் தொலை மேலாண்மைச் செயலி என்று நாம் அழைக்கலாம். ஹெச்.பி. நிறுவனத்தார் இதற்கு ஐ.எல்.ஓ. என்றும், டெல் நிறுவனத்தார் ஐடிராக் என்றும் பெயரிட்டனர். பல நிறுவனத்து யந்திரங்களுக்கும் பொதுவான ஒரு பேச்சுமுறை வேண்டும் என்று இன்டெல், ஹெச்.பி., டெல், என்.ஈ.சி. ஆகிய நால்வரும் கூடி 1998-இல் ஐ.பி.எம்.ஐ. என்னும் விதித்தொகுப்பை வெளியிட்டனர்.

இச்செயலிக்குத் தனி நினைவகம் உண்டு. தனி மென்பொருள் உண்டு. பெரிய கணிப்பொறி அணைக்கப்பட்டிருந்தாலும், மின்கம்பி செருகப்பட்டிருக்கும்வரை இது விழித்திருக்கும். வெப்பநிலையையும் விசிறியின் வேகத்தையும் அளக்கும், நடந்தவற்றைக் குறித்துவைக்கும், தொலைவில் உள்ளவருக்குச் சர்வரின் திரையைக் காட்டும், அவர் ஆணையிட்டால் யந்திரத்தை அணைக்கவும் எழுப்பவும் செய்யும்.

இதற்கு வலைப்பின்னல் இணைப்புத் தருவது எங்ஙனம் என்று பார்ப்போம். சர்வரின் பின்புறத்தில் பெரும்பாலும் இதற்கென்றே ஒரு துளை இருக்கும். அதில் கம்பியைச் செருகி, மற்றப் போக்குவரத்தோடு கலவாத ஒரு தனி ஸ்விட்சில் சேர்க்க வேண்டும். பின்னர்ச் செயலிக்கு ஒரு முகவரி தர வேண்டும். முகவரி, வலைப்பின்னலின் எல்லையைக் குறிக்கும் மறைப்பெண், வெளியே செல்லும் வாயிலின் முகவரி என எண்கள் மூன்று. சில யந்திரங்கள் முகவரியைத் தாமே கேட்டுப் பெறும். சில யந்திரங்களில் ஆலையிலேயே ஓர் எண்ணை இட்டு அனுப்புவர். பல டெல் யந்திரங்கள் 192.168.0.120 என்ற எண்ணோடு வந்தன. ஹெச்.பி.யின் இன்டெக்ரிட்டி வகை யந்திரங்களில் ஒரு சீரியல் கம்பியை மடிக்கணினியோடு இணைத்து, வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் செயலியோடு பேசி, எல்.சி. என்னும் கட்டளையால் இம்மூன்று எண்களையும் பதியவைக்கலாம். கால்மணி நேர வேலை.

வேலை எளிது, அதில் மறைந்துள்ள அபாயம் பெரிது. சர்வரை அணைக்கவும் எழுப்பவும் வல்ல கை, அதன் வட்டுகளைத் துடைத்துப் புதிதாக வேறொன்றை நிறுவவும் வல்லது. அக்கை நம்முடையதாகவே இருப்பதற்கு என்ன உறுதி?

ஆலையில் இட்டு அனுப்பிய கடவுச்சொல்லை முதலில் நோக்குவோம். டெல் யந்திரங்களுக்குப் பல்லாண்டுகள் ரூட் என்ற பெயரும் கால்வின் என்ற சொல்லும் பொதுவாக இருந்தன. கையேட்டில் அச்சாகியுள்ள ரகசியம் ரகசியம் ஆகுமா? ஹெச்.பி. நிறுவனத்தார் ஐ.எல்.ஓ. செயலிக்கு யந்திரந்தோறும் வெவ்வேறு சொல்லை ஒரு சிறு அட்டையில் அச்சிட்டுத் தந்தது நல்ல வழக்கம். எவ்வகையாயினும், இணைத்த அன்றே சொல்லை மாற்றிவிடுவது நம் கடமை.

சொல்லை மாற்றுவதோடு கவலை தீர்ந்துவிடுவதில்லை. 2004-இல் வந்த ஐ.பி.எம்.ஐ. இரண்டாம் பதிப்பில் ஒரு விந்தை உண்டு. கணக்கின் பெயரை மட்டும் சரியாகச் சொல்லிவிட்டால், கேட்பவர் யாரென்று அறியும் முன்னரே, கடவுச்சொல்லிலிருந்து கணித்த ஒரு குறியீட்டைச் செயலி அனுப்பிவிடும். பெற்றவர் அதனைத் தம்மிடத்தில் வைத்துக்கொண்டு, சொற்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு ஓய்வாக உடைக்கலாம். இது 2013-இல் வெளிச்சத்துக்கு வந்தது. விதியிலேயே உள்ள குறையாதலின் அதனை எளிதில் செப்பனிட இயலவில்லை. ஐ.எல்.ஓ. நான்காம் தலைமுறையில் வேறொரு குறை இருந்தது. ‘ஏ’ என்னும் ஆங்கில எழுத்தை 29 முறை அடுக்கி அனுப்பினாலே கடவுச்சொல் இன்றி உள்ளே புக முடிந்தது. 2017-இல் அதற்குத் திருத்தம் வந்தது. திருத்தத்தை நிறுவியவர் தப்பினர்.

ஆகவே இச்செயலியைப் பொது இணையத்தின் கண்ணில் படும்படி வைத்தலாகாது. தேவையற்ற வாயில்களை அடைத்துவிட்டு, குறியாக்கம் உள்ள வழியை மட்டும் திறந்து வைப்பதே முறை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சூப்பர்மைக்ரோ முதலிய சில யந்திரங்களில், தனித்துளையில் கம்பி இல்லையென்றால் செயலி தானாகவே சர்வரின் பொதுத்துளைக்கு மாறிக்கொள்ளும். கம்பி செருகவில்லை, ஆதலால் செயலி மூடியிருக்கிறது என்று நாம் எண்ணியிருப்போம். அதுவோ பொதுத்தெருவில் நின்றுகொண்டிருக்கும்!

தனிவழி அந்நியருக்கு மூடியிருந்தால் மட்டும் போதாது. நமக்கு அது திறந்திருக்கவும் வேண்டும். 2021 அக்டோபர் 4-ஆம் நாள் பேஸ்புக் நிறுவனத்தின் வலைப்பின்னல் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கிற்று. அத்தகைய வேளைக்கென வைத்திருந்த தனிவழியும் அன்று கைகொடுக்கவில்லை. பொறியாளர்கள் நேரிற் சென்றே சீர்செய்ய வேண்டியதாயிற்று. வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய மாற்றுச்சாவி, வாசலில் நிற்பவனுக்கு உதவாது. செயலியை அடையும் பாதை அச்சர்வரையே நம்பி இருக்குமாயின் அதன் கதியும் இதுவே.

செயலியின் கடிகாரத்தையும் மறத்தலாகாது. இந்தியாவில் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட ஆணைகளில், தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் நேரத்தோடு கடிகாரங்களை இசைவிக்க வேண்டும் என்றும், பதிவேடுகளை 180 நாட்கள் காக்க வேண்டும் என்றும் விதித்தது. பெரிய யந்திரத்தின் கடிகாரத்தைத் திருத்திவிட்டுச் சிறியதை விட்டுவிட்டால், இடர் நேர்ந்த நாளில் இரண்டின் சாட்சியமும் ஒன்றுக்கொன்று முரண்படும்.

கடைசியாக ஒரு சோதனை. சர்வர் பணிக்கு வருமுன் அதனை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, வேறோர் ஊரிலிருந்து எழுப்பிப் பார்க்க வேண்டும். எழுந்தால் வழி நமக்குத் திறந்திருக்கிறது என்று பொருள். பிறகு, எவ்வித உரிமையும் அற்ற ஒரு கணிப்பொறியிலிருந்து அதே வழியில் முயன்று பார்க்க வேண்டும். செயலி வாய்திறவாது இருந்தால், வழி பிறருக்கு மூடியிருக்கிறது என்று பொருள். இவ்விரு சோதனைகளிலும் தேறாத இணைப்பை, கம்பி செருகியிருக்கிறது என்ற ஒரே காரணத்தால் முடிந்த வேலையாகக் கொள்ளலாகாது.