எந்தச் சாவுக்கு மெழுகுவத்தி?



2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதல் என்றதும் உங்கள் கண்முன் வருவது எது? பெரும்பாலோருக்குப் புகை சூழ்ந்த தாஜ் ஓட்டல்தான். ஆனால் அதிகம் பேர் கொல்லப்பட்ட இடம் சத்ரபதி சிவாஜி ரயில் நிலையம். அங்கே 58 பேர். தாஜில் 30-க்கும் மேற்பட்டோர். ரயில் நிலையத்தில் செத்தவர்களில் நிறையப் பேர், மூட்டை முடிச்சோடு வெளியூர் வண்டிக்குக் காத்திருந்த எளிய மக்கள். முஸ்லிம்களும் அவர்களில் பலர்.

தாஜில் சண்டை மூன்று நாள் நீடித்தது, அதனால் கேமரா அங்கே நின்றது என்பார்கள். சரி, அந்த மூன்று நாளுக்கு இந்தப் பதில் போதும். பத்தாண்டு கழித்து, 2018-ல் வந்த திரைப்படத்தின் பெயரும் 'ஹோட்டல் மும்பை'தானே!

இன்னொன்றையும் பாருங்கள். 2006 ஜூலை 11 அன்று அதே மும்பையில் மின்சார ரயில்களில் ஏழு குண்டுகள் வெடித்தன. 180-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2008-ல் இறந்தவர்களைவிட அதிகம். அப்போதும் ஒன்றிய உள்துறை அமைச்சர் சிவராஜ் பாட்டீல்தான், முதல்வர் விலாஸ்ராவ் தேஷ்முக்தான். இருவரும் பதவியில் நீடித்தார்கள். 2008-ல் இரண்டு வாரத்துக்குள் இருவரும் விலக நேர்ந்தது. இடையில் நடந்த குண்டுவெடிப்புகளின் கோபமும் அதில் சேர்ந்திருந்தது உண்மைதான். ஆனால் இந்தியா கேட் அல்ல, தாஜ் எதிரே உள்ள கேட்வேயில் ஆயிரக்கணக்கானோர் மெழுகுவத்தியோடு திரண்டது 2008-ல்தான். 2006-ல் மறுநாளே ரயிலேறிய கூட்டத்தைப் பார்த்து 'மும்பையின் மன உறுதி' என்று புகழ்ந்தார்கள். வேலைக்குப் போகாவிட்டால் பிழைப்பு இல்லை என்பதற்கு அப்படியும் ஒரு பெயர்!

இதுவரை சொன்னது வர்க்கம். சாதி இன்னும் ஒரு படி முன்னால் நிற்கிறது. எந்தச் சாவைப் 'பயங்கரவாதம்' என்று அழைப்பது என்பதையே அது தீர்மானிக்கிறது.

பீகாரில் லட்சுமண்பூர் பாத்தே. 1997 டிசம்பர் 1 இரவு, நிலவுடைமைச் சாதியினரின் ரண்வீர் சேனா அந்தச் சேரிக்குள் புகுந்து தலித்துகளைச் சுட்டது. இங்கேயும் 58 பேர். அவர்களில் 27 பெண்கள், 16 குழந்தைகள். ஆயுதமற்ற மக்களைக் கொன்று, மிச்சமிருப்பவர்களை அச்சத்தில் வாழவைப்பது பயங்கரவாதம் என்றால், இது வேறென்ன? ஆனால் செய்திகளில் அது 'சாதிப் படுகொலை', 'சாதி மோதல்'. மோதல் என்றால் இரண்டு பக்கமும் கை ஓங்க வேண்டும். தூங்கிய குழந்தை யாரோடு மோதியது?

அனுதாபம் அரசின் கையை அசைக்கிறது. 2008 டிசம்பரிலேயே தேசியப் புலனாய்வு முகமைக்குச் சட்டம் வந்தது. பாத்தே வழக்கில் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வரவே 2010 ஆனது. அதில் தண்டிக்கப்பட்ட 26 பேரையும் 2013-ல் பாட்னா உயர் நீதிமன்றம் விடுவித்தது. அதற்காக எந்த நகரமும் மெழுகுவத்தி ஏற்றவில்லை.

தாஜில் இறந்தவர்களுக்கான கண்ணீரைக் குறைக்கச் சொல்லவில்லை. அங்கேயும் சமையலறைத் தொழிலாளர்கள் செத்தார்கள். ரயில் நிலையத்துக்கும் பாத்தேவுக்கும் அதே கண்ணீரைக் கேட்கிறேன். அடுத்த முறை 'நாடே அழுகிறது' என்று தலைப்பு வரும்போது, அந்த நாட்டில் யாரைச் சேர்த்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். விடுபட்டவர்களைப் பற்றி எழுதுங்கள், பேசுங்கள். அந்த வேலை நம்முடையது.

ஜெய்பீம்.